வழக்கமான அழுக்கு

காலை ஒன்பதே முக்கால் ஆனால் போதும், தெரு மொத்தமும் கழுத்தைத் திருப்பிக்கொள்ளும். சலவைக்கடையின் பக்கக் கதவைத் திறந்துகொண்டு கண்ணாடிக்காரன் வெளியே வருவான். குளித்து, தலைவாரி, அக்கா தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, காவல் நிலையத்துக்குக் கையெழுத்துப் போடப் போவான். தினமும் பத்து மணிக்குப் போட வேண்டும் என்பது கோர்ட்டு உத்தரவு. போட்டுவிட்டுப் பத்தரைக்குத் திரும்பி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவான். ஜன்னலுக்கும் கடைக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற வேலை. பெண்டாட்டியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனின் நாள் இவ்வளவு ஒழுங்காக நடப்பதைத்தான் தெருவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எதிர்ச்சாரியில் டீக்கடை. அங்கே தினமும் முதலில் வாய் திறப்பவர், தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர். அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். ரேடியோவையாவது அணைத்துவிடலாம், இவரை அணைக்க வழியே இல்லை.

“பாருங்கய்யா, மாப்பிள்ளை கிளம்பிட்டாரு. பால் வாங்கப் போற மாதிரி போறாரு.”

“கையெழுத்துதானே போடப் போறான்” என்றார் டீக்கடைக்காரர், டம்ளரைக் கழுவியபடி.

“அதத்தான் கேக்குறேன். நான் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோட இருக்கேன்னு பென்ஷனுக்குக் கையெழுத்துப் போடப் போறேன். எனக்குக் கை நடுங்குது. இவனுக்கு நடுங்குதா பாரு.”

“நிபந்தனை ஜாமீன்னாங்களே. என்னதான் நிபந்தனை?”

ரேடியோ விரலை மடக்கினார். “தினம் கையெழுத்து, ஒண்ணு. ஊரை விட்டுப் போகக் கூடாது, ரெண்டு. அவ விழுந்து கெடந்த மாடிப்படி இருக்கே, அந்தக் கட்டடத்துக்குள்ள காலடி வைக்கக் கூடாது, மூணு. பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும், நாலு. அவன்கிட்ட பாஸ்போர்ட்டே கிடையாதுய்யா! இல்லாததை எப்படி ஒப்படைப்பான்? அக்கா வீட்டுல இருக்கணும், அஞ்சு. அதாவது மூணு வேளையும் சுடச்சுடச் சோறு. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் புள்ளையப் பாத்துக்கலாம், ஆறு. இது நிபந்தனையா, விருந்தாளி உபசாரமா?”

பக்கத்துக் கடைத் தையல்காரர் வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பேசினார். “போன வருஷம் என் மச்சான் சைக்கிள் திருட்டுல மாட்டுனான். நாலு மாசம் ஜாமீன் கிடைக்கல. சைக்கிளுக்கு நாலு மாசம், ஒரு பொம்பளைக்கு நாப்பது நாளா?”

இதெல்லாம் சலவைக்கடைக்குக் கேட்க வேண்டும் என்றுதான் பேசப்பட்டது, நன்றாகவே கேட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அக்கா தலையை நிமிர்த்தாமல் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை ஒரு பக்கம், சாயம் போவது ஒரு பக்கம், எண்ணெய்க் கறை ஒரு பக்கம். அவளுடைய தொல்லை என்னவென்றால், எதிரே பேசுகிறவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பாதிப் பேச்சு சரி என்றுதான் பட்டது. நாற்பது நாள் எனக்கே குறைவாகத் தெரிகிறதே என்று நினைப்பாள். அடுத்த நிமிஷமே, என் தம்பி செய்யாத தப்புக்கு நாற்பது நாள் உள்ளே இருந்தானே, பாவம், என்று கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். அவள் மனசுக்குள்ளேயும் ஒரு டீக்கடை நடந்துகொண்டிருந்தது, அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஏய், என்ன பண்ற நீ?” என்றார் அவள் புருஷன். இஸ்திரி மேஜையில் நின்றபடியே பார்த்துவிட்டார். “சிவப்புத் துண்டை வெள்ளையோட போட்டிருக்க. ஆஸ்பத்திரிக் கோட்டெல்லாம் ரோஜாப்பூ கலர்ல போய் நிக்கப் போகுது.”

அவள் அவசரமாகத் துண்டை உருவினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் துணி மாற்றிப் போட்டதே இல்லை. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

நடந்தது இதுதான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் மாலை, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், கண்ணாடிக்காரனின் மனைவி அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மூன்றாவது மாடிப் படிக்கட்டின் கீழே மண்டை உடைந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சண்டைச் சத்தம் கேட்டது என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னாள். யார் குரல் என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. டிவியாகக்கூட இருக்கலாம் என்றாள்.

நான் வீட்டுக்கே போகவில்லை, வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன் என்றான் கண்ணாடிக்காரன். அன்று ஒரு புதுக் கடைக்குத் தனியாளாகக் கண்ணாடி பொருத்தப் போயிருந்தான். எத்தனை மணிக்கு முடித்தான் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அக்கா வீட்டுக்கு அவன் வந்தபோது மணி ஆறேகால். வந்ததும் எப்போதும் போலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அவனுடைய வேலைச் சட்டைகளை அவன் வீட்டில் துவைப்பதில்லை. கண்ணாடித் தூள் ஒட்டியிருக்கும், குழந்தைத் துணியோடு சேர்ந்தால் வம்பு. அதனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவை அக்காவிடம்தான் வரும். அவள் உதறி, தனியாக அலசித் துவைத்து, தேய்த்து வைப்பாள். அன்றும் வாங்கினாள், துவைத்தாள். அவன் மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டான். ஏழு மணிக்குச் செய்தி வந்தது.

போலீஸ் வந்தது இரண்டு நாள் கழித்து. அதற்குள் அந்தச் சட்டை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது.

“இதை நீங்கதான் தோய்ச்சீங்களாம்மா?”

“ஆமா சார். நான்தான் எப்பவும் தோய்ப்பேன்.”

“சட்டையில வித்தியாசமா ஏதாவது இருந்துச்சா?”

“ஒண்ணும் இல்ல சார். வழக்கமான அழுக்குதான்.”

எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு வரியைத்தான் வக்கீல் கோர்ட்டில் தூக்கிப் பிடித்தார். வேறு நேரடிச் சாட்சி இல்லை, உடுப்பில் ஒன்றும் இல்லை, பொறுப்பேற்க அக்கா இருக்கிறாள், ஜாமீன் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. “உங்க ஒரு வார்த்தைதாம்மா காப்பாத்துச்சு” என்று வக்கீல் கும்பிடு போட்டபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே ஏதோ உறுத்தியது. என்ன என்று பிடிபடவில்லை. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியில் ஒரு சந்தேகம் வருமே, அந்த மாதிரி.

*

பத்து நாளாக மழை விடவில்லை. மழை என்றால் சலவைக்கடைக்குப் பிடித்த சனி. கொடியெல்லாம் உள்ளே ஏறிவிடும். கூடத்தில் போர்வை, நடையில் பேண்ட், சமையலறை வாசலில் யாரோ ஒருத்தருடைய உள்பாவாடை. குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். காயாத துணியின் புழுங்கல் வாடை சோற்றில்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல், அந்தத் துணிகளை விலக்கிக்கொண்டு வேன்காரி உள்ளே வந்தாள். செத்துப்போனவளின் சொந்த அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஏழு வயசுப் பெண் குழந்தை இப்போது அவளிடம்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த இரண்டு சம்பந்திகளும் சேர்ந்தால் சிரிப்பு அடங்காது. தங்கச்சி கல்யாணத்தன்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இப்போது வேன்காரி வாசற்படியிலேயே நின்றாள். கையில் பாலித்தீன் உறைக்குள் ஒரு காகிதக் கட்டு.

“உக்காரு” என்றாள் அக்கா.

“உக்கார வரல. தெருவுல கையெழுத்து வாங்கிட்டு வரேன். ஜாமீனை ரத்து பண்ணணும், இல்லேன்னா நிபந்தனையக் கடுமையாக்கணும்னு மனு. எல்லாரும் போட்டுட்டாங்க.”

“என்கிட்டயும் கேக்க வந்தியா?”

“உன்கிட்ட எப்படிக் கேப்பேன்? அதுக்குன்னு எல்லாக் கடையும் ஏறி உன் கடைய மட்டும் தாண்டிப் போனா அது உனக்கு அவமானம்னு தோணுச்சு. அதான் காட்டிட்டுப் போறேன். படிச்சுக்கோ.”

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தையல்காரர், ரேடியோ, பால்காரி, மாதா மாதம் போர்வை துவைக்கப் போடுகிற டாக்டரம்மா, எல்லாப் பெயரும் இருந்தன. டீக்கடைக்காரர் கையெழுத்தின் மேல் டீ சிந்தியிருந்தது.

“எனக்கு ஒண்ணுமே புரியல” என்றாள். “அவன் செய்யலங்குறான். கேட்ட போதெல்லாம் செய்யலக்கா, செய்யலக்கான்னுதான் சொல்றான். நான் வளத்த புள்ள. நீ சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?”

“எனக்கும்தான் புரியல. என் தங்கச்சி அந்தப் படியில ஆறு வருஷமா ஏறி இறங்குறா. கேஸ் சிலிண்டரத் தூக்கிட்டு ஏறுனவ. அன்னிக்கு மட்டும் எப்படி விழுந்தா? அதை யாராவது எனக்குச் சொல்லட்டும்.” காலி உறையை உதறினாள். “எனக்கு அவனைத் தூக்குல போடணும்னுகூட இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா புள்ளைய நான் வேன்ல கொண்டாந்து அவன் முன்னாடி விடணுமாம். விடலேன்னா கோர்ட்டை மதிக்கலன்னு என் மேல கேஸாம். யாருய்யா குற்றவாளி? அவனா, நானா?”

இஸ்திரி மேஜையிலிருந்து புருஷன் இருமினார். அவருக்கு எது சொல்ல வந்தாலும் முதலில் இருமல்தான் வரும். இந்தத் தடவை இருமலோடு நின்றுவிட்டது.

“டீ குடிக்கிறியா?” என்றாள் அக்கா. வேறு என்ன கேட்பது?

“வேணாம்.” வேன்காரி காகிதத்தை வாங்கி உறைக்குள் வைத்தாள். போகிறவள் திரும்பினாள். “புள்ள ஃபிராக் ஒண்ணு உன்கிட்ட இருக்கு. மஞ்சள் கலர். ஞாயித்துக்கிழமைக்கு அதைத்தான் கேக்குது.”

“தேய்ச்சு வச்சிருக்கேன்.”

“சரி.”

*

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வேன் வந்து நின்றது. வேன்காரி இறங்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரமும் அப்படியேதான் இருப்பாள். எதிர் டீக்கடையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அப்பனும் மகளும் சந்திப்பதை வேடிக்கை பார்க்க ஞாயிற்றுக்கிழமை டீ ஒரு சாக்கு.

குழந்தை தொங்கும் துணிகளுக்கு அடியில் ஓடி வந்தது. “அத்தே, இன்னிக்கும் மீனா?”

“உனக்காகத்தாண்டி வாங்கினேன்.”

கண்ணாடிக்காரன் மகளுக்கு முள் எடுத்துக் கொடுத்தான். பேசத் தெரியாமல் பேசினான். பள்ளிக்கூடத்தில் என்ன பாடம், டீச்சர் அடிப்பாரா, வேனில் யார் பக்கத்தில் உட்காருவாய். குழந்தையும் பெரிய மனுஷி போலப் பதில் சொன்னது. அம்மாவைப் பற்றி அது கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், அல்லது அதற்கே தெரிந்திருக்க வேண்டும்.

எதைத் தின்றாலும் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்வது கண்ணாடிக்காரனின் பழக்கம். சின்ன வயசில் வெறும் சோற்றுக்கே பிழிவான். அக்கா இரண்டு மூடி அரிந்து வைத்திருந்தாள். ஒன்றை எடுத்துக் குழந்தையின் மீன் மேல் பிழிந்தான்.

“ஸ்ஸ்ஸ்! அப்பாடி!” என்று கையை உதறினான்.

“என்னப்பா?”

“நேத்து கண்ணாடி கீறிடுச்சும்மா. புளிப்புப் பட்டா எரியும்.”

“காமி, ஊதறேன்.” குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்ப ஊதியது. விரலில் கட்டியிருந்த துணி நனைந்து அவிழ்ந்து, காயம் திறந்துகொண்டது. ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கி, சட்டைக் கையில் பட்டது.

“கழட்டு, கழட்டு. உடனே போடணும்” என்றாள் அக்கா.

சட்டையை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே இரண்டு தொட்டிகள். ஒன்றில் எப்போதும் வெந்நீர், ஆவி பறக்கும். கடைத்துணி எல்லாம் அதில்தான். மற்றதில் பச்சைத் தண்ணீர். அதில் ஊறுவது ஒன்றே ஒன்றுதான், ரத்தக்கறை. ரத்தத்தை வெந்நீரில் போட்டால் நூலோடு நூலாகக் கட்டிக்கொள்ளும். அப்புறம் எமனே வந்து துவைத்தாலும் போகாது. தொழில் கற்றுக்கொண்ட முதல் வாரம் தெரிந்துகொண்டது. அவள் பச்சைத் தண்ணீரில் சட்டைக் கையை முக்கினாள், மூலையில் இருந்த உப்பு டப்பாவை எடுத்தாள், கறை மேல் தூவி இரண்டு கட்டைவிரலாலும் கசக்கினாள்.

கசக்கும்போதே கை நின்றுவிட்டது.

அன்றைக்கும் இதே தொட்டிதான். மாலை ஆறேகால், வெந்நீர்த் தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கோட்டுகள் அதில் கிடந்தன. தம்பி சட்டையைக் கொடுத்தான். அவள் யோசிக்காமல் பச்சைத் தண்ணீரில் போட்டாள். உப்பு டப்பாவை எடுத்தாள். வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே, முழங்கை வரை கறை. இப்போது கண்ணில் தெரிந்தது. உப்புத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. இரண்டாவது தண்ணீர் மாற்றினாள்.

ரத்தம் இருந்திருக்கிறது. அப்படியானால் போலீஸிடம் ஏன் இல்லை என்றாள்? பொய் சொன்னாளா? சத்தியமாக இல்லை. வித்தியாசமாக ஏதாவது இருந்ததா என்று கேட்டார்கள். கண்ணாடி வெட்டுகிறவன் சட்டையில் ரத்தம் என்ன வித்தியாசம்? வாரத்துக்கு இரண்டு சட்டை அப்படித்தான் வரும். பேண்டில் எண்ணெய், காலரில் வியர்வை, கையில் ரத்தம். அவளுக்கு அதெல்லாம் ஒன்றுதான், வழக்கமான அழுக்குதான். வேறு எந்தத் தொழில்காரியும் இப்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்க மாட்டாள்.

சரி, அன்றைக்கும் கையை வெட்டிக்கொண்டிருப்பான், அவ்வளவுதானே என்று மூச்சு விட்டாள். ஒரு நிமிஷம்தான். உள்ளேயிருந்து குழந்தையின் சிரிப்புக் கேட்டது.

“இந்த மூடிய நான் பிழியறேன். உனக்குத்தான் எரியுமே!”

அன்றைக்கு அவன் எலுமிச்சம்பழம் பிழிந்தான். ஒன்றல்ல, இரண்டு மூடி. வலது கையால்தான். பிழிந்துவிட்டுத் தோலையும் சப்பினான். ‘பல்லு கூசலயாடா’ என்று இவள்தான் கேட்டாள். அவன் ஒரு ‘ஸ்’ கூடச் சொல்லவில்லை. விரலில் துணி இல்லை. கையில் காயமே இல்லை.

அக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மழைத் தண்ணீர் தகரத்திலிருந்து அவள் முதுகில் சொட்டியது. நகர வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு ஹாரன் ஒரே ஒரு தடவை அடித்தது. குழந்தை ஓடிப்போய் ஏறிக்கொண்டது. “பெரியம்மா, அப்பா கை எரிஞ்சுது. நான் ஊதினேனா, சரியாப் போச்சு” என்று சொல்வது கடை வரை கேட்டது. வேன்காரி வண்டியை எடுத்தாள்.

*

கண்ணாடிக்காரன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். இந்த ஒரு மாதமாக அவன் சொல்லாமலேயே வேலை செய்வான். அக்கா ஒவ்வொரு தட்டாக வாங்கித் துடைத்தாள்.

“அன்னிக்கு உன் கையில வெட்டு இருந்துச்சாடா?”

“என்னிக்கு?”

“அன்னிக்குத்தான்.”

அவன் தட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “ஏன்க்கா இப்ப?”

“சட்டையில ரத்தம் இருந்துச்சு. பச்சைத் தண்ணியில போட்டிருக்கேன். இப்பத்தான் ஞாபகம் வருது.”

“நீதானே அழுக்குன்னு சொன்ன?”

“உன் சட்டை ரத்தம் எனக்கு அழுக்குதாண்டா. எந்த விரல்ல வெட்டுச்சு, சொல்லு.”

அவன் இரண்டு கைகளையும் பார்த்தான். தழும்பு இல்லாத விரலே கிடையாது. “இதுல... இல்ல, இதுலன்னு நெனைக்கிறேன். எத்தனை வெட்டு, எதை ஞாபகம் வச்சுக்கறது?”

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சியே. ரெண்டு மூடி.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை மூடினான். அக்காவே ஒரு வழி தேடிக் கொடுத்தாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அதுதான்.

“நீ வீட்டுக்குப் போனப்பவே அவ விழுந்து கெடந்தாளா? தூக்கப் பாத்தியா? ரத்தம் பட்டுச்சா? பயந்துபோய் ஓடி வந்துட்டியா? அப்படின்னா அப்படின்னு சொல்லுடா. சொல்லிடு. நான் நம்பறேன்.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “அப்படின்னே வச்சுக்கோயேன்.”

“வச்சுக்கறதா?”

“அக்கா, நீ எழுதிக் கொடுத்தாச்சு. அதை மாத்தக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. மாத்தினா உன்னையும் பிடிப்பாங்க. புள்ளைய யார் பாக்குறது? நீ சும்மா இரு.”

நூறு தடவை சொன்னவன், ‘நான் செய்யலக்கா’ என்று அன்று மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிடுவான், சொல்லிவிடுவான் என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, தொங்குகிற போர்வைகளை விலக்கிக்கொண்டு போய்விட்டான்.

புருஷனிடம் சொன்னாள். அவர் மூன்று சட்டை தேய்த்து முடித்தார். பிறகு இருமினார்.

“அவன்தான் செஞ்சான்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“செய்யலன்னு தெரியுமா?”

“தெரியாதுங்க. முந்தி தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. தலையே வெடிச்சிடும் போல இருக்கு.”

“அப்ப என்னதான் தெரியும் உனக்கு?”

“பச்சைத் தண்ணியில போட்டது தெரியும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சது தெரியும்.”

“போய்ச் சொன்னா அவன் உள்ள போயிடுவான். சொல்லலேன்னா நீ உருப்படியா ஒரு துணி பிரிக்க மாட்ட.” காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினார். “உன்னையே பொய் சாட்சின்னு போலீஸ்காரன் பிடிச்சாலும் பிடிப்பான். நான் இஸ்திரி போடுறவன், எனக்கு வேற என்ன தெரியும்? ஆனா ஒண்ணு. நீ எங்க போனாலும் நான் வரேன்.”

“கடைய யார் பாக்குறது?”

“இந்த மழையில எவன் வரப் போறான்?”

*

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பக்கக் கதவு திறந்தது. கண்ணாடிக்காரன் வந்தான். பின்னாலேயே குடையோடு அக்கா வந்தாள், அவளுக்குப் பின்னால் புருஷன். டீக்கடையில் ரேடியோ கூடச் சொல்லெடுக்கவில்லை. அவரை அணைக்கவும் ஒரு வழி இருக்கத்தான் செய்தது.

“நீ எதுக்குக்கா?” என்றான் தம்பி, நடந்துகொண்டே.

“சும்மாதான். வா, நனையாத.” அவன் தலைக்கு மேல் குடையைப் பிடித்தாள். அவன் உயரமானவன், எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. பாதி வழியில் அவன் குடையை வாங்கி அவளுக்குப் பிடித்தான். பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போன காலத்திலும் அப்படித்தான், பாதி வழியில் அவன் வாங்கிக்கொள்வான். அப்போதே திரும்பிவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. திரும்பி, சோறாக்கி, துணி பிரித்து, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா? கால் என்னவோ நடந்துகொண்டே இருந்தது.

காவல் நிலையத்தில் ஒரு நீள மேஜை. நூலில் கட்டிய பேனா. எழுத்தர் நோட்டைத் திருப்பி நீட்டினார். தம்பி குனிந்து கையெழுத்துப் போட்டான். காயம்பட்ட விரலை மடக்காமல் எழுதினான், எழுத்துக் கோணியது.

“முடிஞ்சுதுப்பா, போலாம்” என்றார் எழுத்தர். அக்காவைப் பார்த்தார். “நீங்க என்னம்மா?”

“சார், அன்னிக்கு நான் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு.”

“எதுல?”

“சட்டையப் பத்தி. வழக்கமான அழுக்குன்னு சொன்னேன். அந்த அழுக்குல என்னென்ன இருந்துச்சுன்னு நான் சொல்லல. நீங்களும் கேக்கல.”

எழுத்தர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். “உக்காருங்கம்மா.”

அவள் உட்கார்ந்தாள். புருஷன் சுவரோரம் நின்று இருமினார். தம்பி வாசல் பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். சொட்டுகிற குடை அவன் கையில் இருந்தது. அவன் தேய்த்த சட்டை போட்டிருந்தான். இன்று காலைதான் தேய்த்தாள், காலருக்கு இரண்டு தடவை.

“அக்கா” என்றான்.

“என்னடா” என்றாள், எப்போதும் கேட்கிற மாதிரியே. அவன் சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் குடையைக் கை மாற்றிப் பிடித்தான். அவள் எழுத்தர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எழுதிக்கோங்க சார். ரெண்டு தொட்டி இருக்கும் எங்க வீட்டுல.”